குடியிருப்போர் எண்ணிக்கை: ஒன்று

சுபியான் கொழும்பிலிருந்து சாய்ந்தமருதுக்கு வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகை முடிந்த கையோடு, நல்ல மழையில். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. முகக்கவசம் நனைந்து தாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கேற்றைத் திறந்த தங்கச்சி பரீனா முதலில் பார்த்தது காக்காவின் முகத்தை அல்ல, அந்தப் பைகளை. இரண்டு நாள் தங்க வருகிறவன் இரண்டு பை சுமந்து வரமாட்டான் என்று அவள் மனம் அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டது.

இரண்டாயிரத்து இருபது, ஒக்டோபர் கடைசி. கொழும்புப் பக்கம் ஊரடங்கு என்றதும், புறக்கோட்டைப் புடைவைக் கடைகளில் நின்ற எங்கள் ஊர் ஆட்கள் கிடைத்த லொறியில் ஏறி ஓடிவந்த நாட்கள். சுபியானும் மரக்கறி லொறி ஒன்றில் வந்தவன்தான். முதலில் நிந்தவூரில் பெண்சாதி வீட்டுக்குத்தான் போயிருக்கிறான். மாமி கேற்றைத் திறக்கவில்லையாம். சன்னலுக்குள் நின்றபடியே, பிள்ளைகள் இருக்கிற வீடு, பதினாலு நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லிவிட்டாவாம். இதைச் சொல்லும்போது அவன் சிரித்தான். பரீனா சிரிக்கவில்லை. நோன்பு காலத்திலிருந்தே காக்காவுக்கும் மதினிக்கும் சரியில்லை என்று அவள் காதில் விழுந்திருந்தது. அந்தக் கேற்று கொரோனாவுக்கு மட்டும் பூட்டப்பட்ட கேற்று இல்லை என்று அவளுக்குப் பட்டது.

எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீடும் பேசப்படும். வாப்பாவும் காக்காமாரும் பாடுபட்டு அதைக் கட்டிக் கொடுப்பார்கள். கொடுத்த பிறகு, காக்காமார் தாங்கள் கட்டிய பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பிறந்த வீட்டுக்கு அவர்கள் வந்தால் விருந்தாளிகள். தேத்தண்ணி கிடைக்கும், சோறு கிடைக்கும், மஃரிபுத் தொழுகைக்கு முன் கிளம்புவானா என்று கண்ணால் ஒரு கேள்வியும் கிடைக்கும். இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததுதான் பிறகு வினையாக வந்தது.

பரீனாவின் வீடும் அப்படிக் கட்டிய வீடுதான். வாப்பா சுனாமியில் போனபோது சுபியானுக்கு இருபது வயது, பரீனாவுக்குப் பதினைந்து. சுபியான் சவூதிக்குப் போய் நாலு வருடம் வெயிலில் வெந்து அனுப்பியதில்தான் சுவர் எழும்பியது, ஓடு ஏறியது. றிம்சானுக்கு அவளைக் கட்டிக் கொடுத்த அன்று, நாலு பேர் இருந்த சபையில் "ஊடு தங்கச்சிக்கு" என்று சொன்னவனும் அவனே. ஆனால் காணியின் உறுதிப் பத்திரம் வாப்பாவின் பேரிலேயே கிடந்தது. மாற்றி எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தங்கச்சியின் வீட்டைப் பற்றி உறுதி, கையெழுத்து என்று பேச்செடுப்பது எங்கள் ஊரில் பேசுகிறவனுக்கே வெட்கம்.

றிம்சான் கட்டாரில். வீட்டில் பரீனாவும், மகன் அர்ஹமும், மகள் றிபாவும், உம்மா நாச்சியாவும். பரீனா முன்னறையில் தையல் மெசின் போட்டு அபாயாவும் பள்ளிக்கூட உடுப்பும் தைப்பாள். சுபியானுக்குப் படுக்க அந்த முன்னறையைத்தான் ஒதுக்கினார்கள். உம்மா சீனி வருத்தக்காரி, நீரிழிவுக்கு மருந்து எடுக்கிறவர். மகனைக் கண்டதும் கட்டிப்பிடிக்கப் போனவரைப் பரீனா தோளில் பிடித்து நிறுத்தினாள். உம்மா அன்று முழுவதும் அவளுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருந்த இறைச்சியைக் காய்ச்சி, மகன் தின்று முடியும்வரை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் சுபஹு தொழுதுவிட்டு வந்த சுபியான், உம்மாவிடம் சாதாரணமாகக் கேட்டான்.

"வாப்பாட உறுதி எங்க உம்மா இரிக்கி?"

அலுமாரிக்குள் இருக்கிறது என்று உம்மா சொன்னார். குசினியில் மாப்பிசைந்துகொண்டிருந்த பரீனாவின் கை அப்படியே நின்றுவிட்டது. பாதி பிசைந்த மாவை மூடி வைத்தாள். கையைக் கழுவினாள். போனை எடுத்துக்கொண்டு குசினிக்குப் பின்னால் போய், பள்ளிவாசலில் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் இருந்த சுகாதார அலுவலக இலக்கத்துக்கு அழைத்தாள். பேர் சொல்லாமல், கொழும்பிலிருந்து ஒரு ஆள் வந்து இந்த வீதியில் இன்ன இலக்க வீட்டில் நிற்கிறார் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஆம், அவளேதான். தன் வீட்டுக்குத் தானே ஆள் கூப்பிட்டாள். அவள் நினைத்தது இதுதான்: பஸ் வரும், காக்காவை ஏற்றிக்கொண்டு தனிமைப்படுத்தல் முகாமுக்குப் போவார்கள், பதினாலு நாளைக்குள் மதினி வீட்டுக் கோபம் தணியும், அங்கிருந்தே அவன் நிந்தவூருக்குப் போய்விடுவான். கெட்ட எண்ணம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. காக்காவுக்கும் இதுதான் நல்லது என்றுகூட நினைத்தாள்.

அடுப்பில் ரொட்டியைப் போட்ட பிறகுதான் மற்றது உறைத்தது. வருகிறவர்கள் காக்காவை மட்டும் பார்த்துவிட்டுப் போகமாட்டார்கள். வீட்டில் வேறு யார் என்று கேட்பார்கள். எல்லார் மூக்கிலும் குச்சி விடுவார்கள். உம்மாவுக்கு 'இருக்கிறது' என்று வந்தால் கொண்டுபோவார்கள். கொண்டுபோன இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால் உடலை எரித்துவிடுவார்கள். அந்த நாட்களில் கொரோனாவில் இறந்த முஸ்லிமையும் அடக்க விடவில்லை; எரித்தார்கள். எங்கள் ஊரில் அப்போது யாரும் நோயைக் கண்டு பெரிதாகப் பயப்படவில்லை. நெருப்பைக் கண்டுதான் பயந்தார்கள்.

தெரிந்த ஓட்டோக்காரர் கச்சிமுகம்மதுவை அழைத்து, பின் ஒழுங்கையால் உம்மாவையும் பிள்ளைகளையும் மருதமுனைக்கு அனுப்பினாள். அங்கே றிம்சானின் அக்காவான ஷாஹினா ராத்தாவின் வீடு. உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருந்துப் பையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு ஏறிப் போனார். ஓட்டோ மறைந்து கால் மணித்தியாலம் இருக்கும், பி.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பிரசாந் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். காரைதீவு ஆள். மழைக்கோட்டுக்குள் ஒரு கொப்பியைப் பொத்திப் பிடித்திருந்தார்.

"இந்த வீட்டில எத்தின பேர் இருக்கிறீங்க?"

"ஒராள்தான் சேர். எங்கட காக்கா. அவர் மட்டும்தான்."

"நீங்க?"

"நான் மருதமுனை. சாப்பாடு குடுக்க வந்த. உள்ளுக்கும் போகல்ல, இந்தக் கேற்றடியில வச்சிட்டுப் போறன்."

கொடியில் றிபாவின் சட்டை இரண்டு காய்ந்துகொண்டிருந்தது. பிரசாந் அதைப் பார்த்தாரா இல்லையா என்பது அவளுக்குத் தெரியவில்லை. அவர் எழுதினார், எழுதியதன் கீழ் அவளிடம் கையெழுத்து வாங்கினார். பஸ் எதுவும் வரவில்லை. தனியாள், தனி வீடு, இங்கேயே இருக்கட்டும் என்றார். கேற்றில் அறிவித்தல் ஒன்றை ஒட்டினார். பெயர்: சுபியான். குடியிருப்போர் எண்ணிக்கை: ஒன்று. சுபியான் வாசற்கதவில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். பரீனா தன் வீட்டுக்கு விருந்தாளியாகக் கையெழுத்து வைத்துவிட்டு மருதமுனைக்குப் போனாள்.

ஷாஹினாவின் புருசன் ஹமீட்டுக்கு ஒரு தோணி இருந்தது. மாரிக் கடலில் இடையிடையே அமைதி கிடைக்கிற நாட்களில் போய்க் கீரி மீனும் சூடை மீனும் கொண்டுவருவார். மீனில் கொரோனா என்று கதை பரவியிருந்ததால் வாங்க ஆளில்லை. கொண்டுவந்ததையெல்லாம் வெட்டி உப்புப் போட வேண்டியிருந்தது. காயப்போட வெயிலும் இல்லை. பின்வளவில் பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாக வைத்து, ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு உப்பு என்று போட்டு மூடினார்கள். ஊசி பிடித்த பரீனாவின் கை மீன் வெட்டிப் பழகியது. விரலில் முள் குத்திய இடத்தில் உப்பு ஏறி இரவெல்லாம் காந்தும். இரண்டு அறை வீட்டில் எட்டுப் பேர். ஷாஹினா ஒரு வார்த்தை முகம் சுளித்துச் சொல்லவில்லை. ஆனால் உம்மா இருமினால் அடுப்படியில் அவளுடைய கை ஒரு கணம் நிற்கும். பரீனா அதையும் கவனித்தாள். சந்தேகப்படுகிறவளுக்குத் தன்னைச் சந்தேகப்படுகிறவர்களை அடையாளம் காண்பது கஷ்டமில்லை.

பதினாலு நாள் பதினெட்டாகி, பாதைகள் மூடப்பட்டு, இருபத்திரண்டாம் நாள்தான் அவளால் சாய்ந்தமருதுக்கு வர முடிந்தது. கேற்றில் புதுச் சங்கிலியும் புதுப் பூட்டும். அறிவித்தல் மழையில் நிறம் மங்கியிருந்தாலும் எழுத்து வாசிக்கக்கூடியதாகத்தான் இருந்தது. அவள் தட்டினாள். சுபியான் வந்தான். பூட்டின் திறப்பு அவன் சாரத்தின் முடிச்சில் தொங்கியது.

"காக்கா, தொற. பதினாலு நாள் முடிஞ்சி எத்தின நாளாப் போச்சு."

"முடிஞ்சது எனக்கு. நீதான் இஞ்ச இருக்கவே இல்லயே. மருதமுனை எண்டுதானே கையெழுத்து வச்ச."

"உம்மாக்காக வச்ச கையெழுத்து அது. உனக்குத் தெரியாதா? இது என்ட சீதன ஊடு. சபையில வச்சி நீதான் சொன்ன."

"சொன்னன். இல்லெண்டு சொல்லல்ல. ஆனா காணி வாப்பாட பேருல. மார்க்கத்துல ஆம்புளப் புள்ளைக்கு ரெண்டு பங்கு, பொம்புளப் புள்ளைக்கு ஒரு பங்கு. சட்டத்துலயும் அப்பிடித்தான். என்ட ஹக்கத்தான், என்ட பங்கத்தான் நான் கேக்கன்."

"பதினொரு வருசமா அந்த மார்க்கம் எங்க போயிருந்த?"

அவன் சத்தத்தை உயர்த்தாமல் சொன்னான்.

"எங்கட ஊர் ஆம்புளைக்கு ஊடு எங்க இரிக்கி, சொல்லு பாப்பம். பொறந்த ஊடு தங்கச்சிக்கு. கட்டின ஊடு பொண்டாட்டிக்கு. இந்தச் சுவரெல்லாம் நான் வெயில்ல நிண்டு எழுப்பின. மௌத்தானா ஆறடி கிடைக்கும் எண்டுதான் இருந்தம். இப்ப அதும் இல்ல."

அவன் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் பரீனாவுக்கு ஆத்திரத்தை மூட்டியது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் அந்த வீதியே கேட்கக் கத்தியிருப்பாள்.

பொலிஸில் முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள். குடும்பப் பிரச்சினை, காணிப் பிரச்சினை, கோட்டுக்குப் போங்கள் என்றார்கள். மத்தியஸ்த சபை கூடுவதில்லை. கூட்டம் கூடக்கூடாதென்று நிறுத்தியிருந்தார்கள். கட்டாரிலிருந்து றிம்சான் போனில் கத்தினான், பிறகு அழுதான், பிறகு லோயரைப் பார் என்றான். கல்முனையில் சட்டத்தரணி கஜனியின் அலுவலகத்தில் ஆளுக்கு ஆள் ஒரு கதிரை தள்ளித்தான் உட்கார வேண்டியிருந்தது. முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவர் ஒரு தாளை எடுத்து, ஒக்டோபரில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று இரண்டு திகதிகளை எழுதினார்.

"இரண்டு மாதத்துக்குள்ள உங்கள வெளியில போட்டது எண்டு காட்டினா, நீதவான் திரும்ப உங்கள உள்ள விடுவார். பங்கு ஆருக்கு, உறுதி ஆருக்கு எண்டதெல்லாம் வேற வழக்கு, அது வருசக்கணக்கில போகும். இப்ப கோட்டு பாக்கிறது ஒண்டுதான். அந்த வீட்டில ஆர் இருந்தது? உங்கட காக்கா ஒக்டோபர் கடைசியில இருந்து தான் மட்டும்தான் எண்டு சொல்லுவார். சுகாதாரத் திணைக்களத்திட கொப்பியும் அதைத்தான் சொல்லுது. கீழ உங்கட கையெழுத்து."

"நான் பொய் சொன்ன எண்டு எழுதித் தந்தா?"

"எழுதலாம். சத்தியக்கடதாசி முடிக்கலாம். ஆனா தனிமைப்படுத்தல் சட்டத்தில அது குற்றம். உங்களுக்கு மட்டும் இல்ல, உங்கள ஒளிச்சு வச்சிருந்த வீட்டுக்காரருக்கும் கேள்வி வரும். யோசிச்சிட்டு வாங்க. டிசம்பர் முடியிறதுக்குள்ள வாங்க."

அவர் எழுதிய இரண்டாவது திகதியை பரீனா பார்த்தாள். அதற்குள் கோட்டுக்குப் போகாவிட்டால், வீடு அவள் கையை விட்டுப் போய்விடும். போனால் ஷாஹினாவின் வீட்டு வாசலில் பொலிஸ் நிற்கும், ஹமீட்டுக்குக் கடலுக்குப் போகிற பாஸ் கிடைக்காது. வீட்டை எடுக்க வேண்டுமானால் தன்னைத் தாங்குகிற வீட்டைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஷாஹினாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். சொல்லத் தேவையில்லாமல் போனது. அன்று மாலையே ஷாஹினா பீப்பாய் மூடிக்குக் கல் வைத்தபடி கேட்டாள்.

"லோயர் எங்கட பேரையும் எழுதச் சொன்னாவா?"

யார் சொன்னது என்று பரீனா கேட்டாள். யாரும் சொல்லவில்லை, உன் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது என்றாள் ஷாஹினா. பிறகு, எழுதுவதானால் எழுது, ஆனால் எழுதுவதற்கு முதல் நாளே எனக்குச் சொல்லிவிடு, இவருக்கு நான் சொல்லி வைக்க வேண்டும் என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு இரண்டு பெண்களும் சோறு போட்டுக் கொடுக்கும்போதுகூட ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கவில்லை.

டிசம்பர் பிறந்தது. உம்மா பின்வளவில் நின்று யாருடனோ போனில் தாழ்ந்த குரலில் பேசுவதைப் பரீனா இரண்டு மூன்று தரம் கண்டாள். ஒரு நாள் உம்மா தொழுகைக்கு வுளூ எடுக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தாள். வரிசையாகச் சுபியானின் பேர். ஒவ்வொரு நாளும், ஒரே நேரம். உம்மா அங்கேயும் ஒரு கால், இங்கேயும் ஒரு கால் என்று நினைத்தாள். கோட்டில் உம்மாவைக் கேட்டால் யாருக்குச் சாதகமாகச் சொல்வார்? உம்மா வந்ததும் போனை நீட்டிக் கேட்டே விட்டாள்.

"திண்டானா எண்டு கேக்கிற புள்ள, வேற என்னத்த," என்றார் உம்மா. "அவனுக்குச் சோறு வடிக்கத் தெரியாது."

பரீனா அதையும் நம்பவில்லை.

அந்தக் கிழமையே தோணித் துறையடியில் நின்றவர்களைப் பிடித்து மூக்கில் குச்சி விட்டார்கள். மூன்றாம் நாள் ஹமீட்டுக்கு 'இருக்கிறது' என்று தகவல் வந்தது. ஆள் நன்றாகத்தான் இருந்தார். வலை பொத்திக்கொண்டிருந்த இடத்திலிருந்துதான் எழும்பிப் போனார். அம்புலன்ஸ் அவரைச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோன பின்னால், மருதமுனைப் பகுதியின் பி.எச்.ஐ. வந்து வீட்டை எட்டிப் பார்த்தார். இரண்டு அறைக்குள் ஏழு பேர் தனிமைப்பட முடியாது என்றார். வீட்டுக்காரியும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் இருக்கட்டும். மற்ற நாலு பேருக்கும் சொந்த வீடு இருந்தால் அங்கே போகலாம், இல்லையென்றால் முகாமுக்குப் போகிற பஸ் வெளியில் நிற்கிறது. கொப்பியை விரித்துப் பேனாவைத் திறந்தார்.

"உங்கட நிரந்தர விலாசம் என்ன?"

உம்மா மருந்துப் பையை மடியில் வைத்தபடி வாங்கில் உட்கார்ந்திருந்தார். ஷாஹினா கதவடியில் நின்றாள். பரீனா சாய்ந்தமருது விலாசத்தைச் சொன்னாள். ஒக்டோபரில் அந்த வீட்டைப் பற்றி எழுதியது பொய், அந்தப் பொய்யைச் சொன்னது நான்தான், இங்கே உள்ளவர்களுக்கு ஒன்றும் தெரியாது, காய்ச்சல் இல்லை என்று சொல்லித்தான் வந்தேன் என்றாள். ஒரு பொய்யைத் திருத்தப் போய் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. ஷாஹினா அப்போதுதான் முதல்முறையாக அவளை நேரே பார்த்தாள்.

பி.எச்.ஐ. வெளியே போய்ப் பிரசாந்துடன் போனில் நெடுநேரம் பேசினார். திரும்பி வந்து சொன்னார். பிரசாந்தின் கொப்பியில் அந்த வீட்டுக்கு ஒரு ஆள்தான் இருக்கிறாராம். பஸ்ஸில் ஏறுங்கள், போகிற வழியில் அந்தக் கேற்றடியில் நிறுத்துவோம். உள்ளே இருக்கிறவர் இவர்கள் இந்த வீட்டு ஆட்கள்தான் என்று சொன்னால் இறங்கலாம். இல்லையென்றால் பஸ் நேரே முகாமுக்கு.

ஆக, கேள்வி இப்போது சுபியானிடம் போனது.

பஸ்ஸில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கல்முனைக் கடைத்தெரு முழுவதும் கதவு போட்டுக் கிடந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. அர்ஹம் சன்னலோரம், றிபா பரீனாவின் மடியில். உம்மா வாய்க்குள் ஓதிக்கொண்டு வந்தார். பரீனாவுக்குத் தெரியும், சுபியானும் லோயரைப் பார்த்தவன். 'ஓம்' என்று ஒரு வார்த்தை சொன்னால், அவன் வீட்டைத் தனியே காத்த நாற்பத்தைந்து நாளும் தண்ணீரில் போய்விடும். 'இல்லை' என்றால் வீடு அவனுக்கு, உம்மா முகாமுக்கு. அவனுடைய இடத்தில் தான் நின்றால் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்துப் பார்த்தாள். இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

பஸ் நின்றது. பிரசாந் முன்னமே வந்து கேற்றடியில் நின்றார். சுபியான் வெளியே வந்தான். மெலிந்திருந்தான். பஸ்ஸின் சன்னல்கள் மூடியிருந்ததால் பேச்சுக் கேட்கவில்லை. பிரசாந் கொப்பியைக் காட்டிப் பஸ்ஸைக் காட்டினார். சுபியான் பஸ்ஸைப் பார்த்தான். முதலில் பரீனாவை. பிறகு உம்மாவை. உம்மா கையசைக்கவில்லை, கூப்பிடவில்லை, ஓதுவதையும் நிறுத்தவில்லை. பரீனா சன்னலைத் தள்ளித் திறந்தாள்.

"...தெளிவாச் சொல்லுங்க, இவங்க இந்த வீட்டிலயா இருந்தவங்க?" என்று பிரசாந் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓம். இஞ்சதான். உம்மா, தங்கச்சி, ரெண்டு புள்ளையள். எந்த நாளும் இஞ்சதான். நான்தான் புதுசா வந்த."

பிரசாந் அவனை ஒரு முறை பார்த்துவிட்டு எழுதினார். சுபியான் சாரத்து முடிச்சை அவிழ்த்துத் திறப்பை எடுத்து, சங்கிலியைக் கழற்றி, நாலு பேரும் உள்ளே போகிறவரை கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிரசாந் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டினார். பதினாலு நாள், ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஒரே குசினி, ஒரே கிணறு. பஸ் போய்விட்டது.

உள்ளே போனதும் பரீனா செய்த முதல் வேலையைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அலுமாரியைத் திறந்து உறுதியைத் தேடினாள். காக்கா வாசலில் நின்று பார்க்கிறான் என்று தெரிந்துகொண்டே தேடினாள். உறுதி உம்மாவின் பழைய சாரிக்குக் கீழே, வைத்த இடத்தில் இருந்தது.

"போட்டோக் கொப்பி ஒண்டு மட்டும் எடுத்து லோயருக்குக் குடுத்தன்," என்றான் சுபியான். "பங்கு வழக்க நான் விடமாட்டன் புள்ள. அதக் கோட்டுல பாப்பம். உம்மாவ அந்த பஸ்ஸில விட ஏலா. அதுக்குத்தான் ஓம் எண்டன். வேற ஒண்டும் நெனச்சிக்காத."

உம்மா குசினிக்குள் போய்ப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு, சோறு குழைந்து கிடக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிள்ளைகள் மெசினுக்குக் கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். பரீனா உறுதியை மடித்து வைத்தாள். அலுமாரிக் கதவைச் சாத்தினாள். வீடு திரும்பக் கிடைத்துவிட்டது. அவள் நினைத்திருந்த சந்தோசம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அவனுக்குப் புறங்காட்டியபடியே சொன்னாள்.

"பி.எச்.ஐ.க்கு போன் எடுத்தது நான்தான் காக்கா."

"தெரியும். குசினிக்குப் பின்னால நிண்டு நீ கதைச்சது அண்டைக்கே கேட்ட."

"அப்ப ஏன் என்னட்டக் கேக்கல்ல?"

"கேட்டா நீ வல்லாஹி நான் இல்ல எண்டு சத்தியம் பண்ணியிருப்பாய்," என்றான் அவன். "தங்கச்சி பொய்ச் சத்தியம் பண்றதக் கேட்டுட்டு நான் இந்த ஊட்டுல எப்பிடி இருக்கிற?"

அவன் கேட்டிருந்தால் பரீனா சத்தியம் பண்ணித்தான் இருப்பாள்.